தேடிய சொல்லும் கிடைத்த பக்கமும்



சென்ற ஆண்டு என் வகுப்பில் நான் ஒரு பிழை செய்தேன். அப்பிழையைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். ஆசிரியர் தம் அறிவைக் கூறும்போது உறங்கும் மாணவரும், அவர் தம் பிழையைக் கூறும்போது விழித்துக்கொள்வர் என்பது என் நெடுநாள் அனுபவம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பற்றி அன்று நான் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொல்லிச் சொல்லி அஞ்சியது அதனைத்தான். மாணவர் பயிலும் வரலாற்றுப் பாடநூல் இணையத்தில் மின்னூலாகவும் கிடைக்கின்றது. முந்நூறு பக்கங்களையும் புரட்டிப் பார்க்க எனக்குப் பொழுதில்லை. கணினியில் அந்நூலைத் திறந்து, தேடுமிடத்தில் ‘பஞ்சம்’ என்னும் சொல்லை இட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்தது, மூன்றே இடங்கள்! அம்மூன்றையும் குறித்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். “பல லட்சம் மக்கள் மடிந்த ஒரு கொடுமையை இந்நூலாசிரியர் மூன்றே இடங்களில் சொல்லி முடித்துவிட்டார், வரலாறு எழுதுவோருக்கு இத்துணை அலட்சியம் ஆகாது” என்று நாற்பது மாணவர் முன்னிலையில் அவரைக் கடிந்தும் பேசினேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் ஊரில் இணையத் தொடர்பு சரிவரக் கிடைப்பதில்லை. ஆதலால் அச்சிட்ட நூலையே முதலிலிருந்து இறுதிவரை படித்திருந்தாள். “ஐயா, கால்வாய்களைப் பற்றிய பாடத்திலும் அதுதானே வருகிறது? தோட்டத் தொழிலுக்குக் கடல் கடந்து போனவர்களைப் பற்றிய பாடத்திலும் வருகிறதே!” என்றாள். நூலை வாங்கிப் பார்த்தேன். மழை பொய்த்துப் பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காக, 1877-78-ஆம் ஆண்டுகளில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டிய செய்தி அங்கே இருந்தது. இன்று பக்கிங்காம் கால்வாய் என வழங்கும் நீர்வழியின் ஒரு பகுதி அது. அப்பக்கம் முழுவதும் பஞ்சத்தைப் பற்றியதே. ஆயினும், ‘பஞ்சம்’ என்னும் சொல் அதில் ஒருமுறையும் இல்லை. குற்றம் நூலாசிரியருடையது அன்று; என்னுடையது. “இச்சொல் இவ்வடிவில் எங்கே இருக்கிறது?” என்று நான் கணினியைக் கேட்டேன், அது சரியாகவே விடை சொன்னது. “இப்பொருள் எங்கே இருக்கிறது?” என்று கேட்டதாக நான்தான் எண்ணிக்கொண்டேன்.

சொல்லைத் தேடுவது வேறு, பொருளைத் தேடுவது வேறு. இவ்வேறுபாடு கணினியோடு பிறந்தது அன்று. புத்தகத்தில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க மனிதன் முயன்ற எழுநூறு எண்ணூறு ஆண்டு வரலாறு முழுவதிலும் இது உடன்வந்திருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் மடம் ஒன்றில் ஹியூ என்னும் துறவியார் ஒருவர் இருந்தார். செயின்ட் செர் ஊரினர் அவர். மடத்துத் துறவிகள் ஊர் ஊராகச் சென்று சமயச் சொற்பொழிவு செய்பவர்கள். விவிலியத்தில் இன்ன சொல் எங்கெங்கே வருகிறது என்பது அவர்களுக்கு அடிக்கடி வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய நூலை ஒவ்வொரு முறையும் புரட்டிக்கொண்டிருக்க இயலுமா? ஆதலின், ஹியூவின் மேற்பார்வையில் துறவிகள் பலர் கூடி, இலத்தீன் விவிலியத்தின் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் வரும் இடங்களைக் குறித்தனர். 1230-ஐ ஒட்டித் தொடங்கிய பணி, அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் உருப்பெற்றது.

இடத்தைக் குறிப்பது அக்காலத்தில் எளிதாக இருக்கவில்லை. கையால் எழுதிய நூல்களில் ஒரு படியின் பத்தாம் ஏடு மற்றொரு படியில் பதினைந்தாம் ஏடாக இருக்கும். ஏட்டின் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. விவிலியத்தை அதிகாரங்களாகப் பிரிக்கும் முறை அதற்குச் சற்று முன்னரே வழக்கிற்கு வந்திருந்தது. இம்மடத்தார் ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தளவில் ஏழு கூறாக்கி, ஏழு எழுத்துக்களால் அவற்றைக் குறித்தனர். நூலின் பெயர், அதிகார எண், கூற்றின் எழுத்து ஆகிய மூன்றும் போதும். எந்தப் படியிலும் அந்த இடத்தை அடையலாம்.

ஆனால் அம்முதற் பட்டியலில் ஒரு குறை இருந்தது. சொல்லும் இடமும் உண்டு. அச்சொல் வரும் வாக்கியம் இல்லை. நூறு இடங்களில் வரும் ஒரு சொல்லைத் தேடுபவர் நூறு இடங்களையும் திறந்து பார்த்தாலன்றி வேண்டியது எது என அறிய முடியாது. இக்குறையை நீக்க, பின்னர் ஆங்கிலேயத் துறவிகள் சிலர் அதே மடத்தில் முனைந்து, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய தொடரையும் சேர்த்து எழுதினர். பட்டியல் பருத்தது, பயனும் பருத்தது. இன்று நீங்கள் இணையத்தில் ஒரு சொல்லைத் தேடும்போது, விடையின் கீழே அச்சொல் வரும் வரியும் தோன்றுகிறதல்லவா? அதன் மூதாதை பாரிஸ் மடத்தில் பிறந்தது.

அச்சுக் கலை வந்தபின் ஒரு பதிப்பின் படிகள் யாவும் ஒரே தன்மையாயின. 1470-ஆம் ஆண்டில் கொலோன் நகரில் அச்சான சிறு நூலொன்றில் ஏடுகளுக்கு எண் அச்சிடப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஏட்டுக்கு எண் வந்ததும், நூலின் இறுதியில் அகர வரிசைக் குறிப்பு அமைப்பது எளிதாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழில் சொற்பொருள் கூறும் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் அகர வரிசையில் அமைந்தவை அல்ல. தெய்வப் பெயர்கள் ஒரு தொகுதி, மக்கட் பெயர்கள் ஒரு தொகுதி, விலங்கின் பெயர்கள் ஒரு தொகுதி எனப் பொருளால் வகுத்தவை அவை. ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டு பொருளைத் தேடுவோருக்கு அவை எளிதில் கை கொடுப்பதில்லை. அக்கால மாணவர்க்கு அது குறையாகவும் தோன்றவில்லை. ஏனெனில், அவர் நிகண்டு முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தார். அவர் தேடிய ஏடு அவர் நெஞ்சே. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கிக் காட்டியது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைந்த அந்நூல், மனப்பாடம் இல்லாதவரும் சொல்லைத் தேடி அடையலாம் என்னும் வாயிலைத் திறந்தது.

ஆயினும், சொல்லின் பொருளைக் கூறும் அகராதி வேறு. ஒரு நூலுக்குள் அச்சொல் எங்கே வருகிறது எனக் காட்டும் அகராதி வேறு. இரண்டாவதன் அருமையை நமக்கு உணர்த்தியவர்களுள் தலையாயவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார். பழைய உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது, இவ்வடி இந்நூலில் உள்ளது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. “என்றார் பிறரும்” என்று கூறி அப்பாற் செல்வர். அந்தப் பிறர் யார் என அறிய ஐயர் எத்தனையோ ஏட்டுச் சுவடிகளைப் புரட்ட வேண்டியிருந்தது. தாம் பட்ட துன்பம் பின்வருவோர் படலாகாது என்னும் அருளால் போலும், தம் பதிப்புக்களில் செய்யுள் முதற்குறிப்பும், அரும்பதங்களின் அகராதியும் அமைத்துத் தந்தார். அவற்றைத் தொகுத்தவர் அச்சொற்களின் பொருளை அறிந்தே தொகுத்தார். ஒரு சொல்லைச் சேர்ப்பதா, விடுவதா என்று அங்கே ஒரு மனிதர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

நிற்க. இப்பணி பொறியின் கைக்கு வந்த கதையும் சுவையானது. இத்தாலிய நாட்டில் ராபர்ட்டோ பூசா என்னும் ஏசு சபைத் துறவியார் ஒருவர் இருந்தார். தாமஸ் அக்வினாஸ் என்னும் பழைய தத்துவ ஞானியின் நூல்களில் ‘உடனிருத்தல்’ என்னும் கருத்து எவ்வாறு அமைந்துள்ளது என ஆராயப் புகுந்தார். அப்பொருளைத் தரும் இலத்தீன் பெயர்ச்சொல்லை முதலில் தேடினார். அது போதவில்லை. ஞானியின் கருத்து அப்பெயர்ச்சொல்லில் மட்டும் அன்றி, நம் மொழியில் ‘இல்’ என்னும் உருபு தரும் பொருளையுடைய மிகச் சிறிய ஓர் இடைச்சொல்லிலும் பொதிந்திருப்பதைக் கண்டார். பெரிய சொற்களைத் தேடுவோர் கண்ணில் படாமல், சிறிய சொல் ஒன்று பொருளைச் சுமந்து நின்றது! அச்சொல் வரும் தொடர்களை எல்லாம் கையால் எழுதிப் பத்தாயிரம் சீட்டுக்கள் சேர்த்தார்.

அஞ்ஞானியின் எல்லாச் சொற்களுக்கும் இவ்வாறு செய்ய வேண்டும் என்னும் ஆசை அவருக்குப் பிறந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட சொற்கள்! மனிதக் கையால் ஆகும் செயலா? 1949-இல் அவர் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைக் கண்டு உதவி வேண்டினார். உதவி கிடைத்தது. துளையிட்ட அட்டைகளில் சொற்கள் ஏற்றப்பட்டன. பொறிகள் அவற்றை வரிசைப்படுத்தின. முப்பது ஆண்டு உழைப்பின் பயனாக, 1974 முதல் 1980 வரை அப்பெருந்தொகுப்பு 56 பகுதிகளாக அச்சேறியது. இலத்தீனிலும் தமிழைப் போலவே ஒரு பெயர்ச்சொல் வேற்றுமைதோறும் வடிவம் மாறும். அவ்வடிவங்களையெல்லாம் ஒரு தலைச்சொல்லின் கீழ்த் தொகுக்கும் வேலையைப் பொறியிடமே விட்டுவிட இயலவில்லை. மனிதரின் அறிவு உடன் நின்றது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1950-களின் இறுதியில், அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பார், கட்டுரைத் தலைப்புக்களைக் கணினியால் வரிசைப்படுத்தும் முறை ஒன்றை வகுத்தார். தேடுசொல் நடுவில் நிற்கும். அதன் இருமருங்கிலும் முன்பின் சொற்கள் நிற்கும். பாரிஸ் மடத்தார் கையால் செய்ததைப் பொறி செய்தது. எங்கும் வரும் சிறு சொற்களை அவர் பட்டியலிலிருந்து நீக்கினார். இடத்தைச் சுருக்க அது வேண்டியதுதான். ஆனால் பூசா தேடிய சிறு சொல், இம்முறையில் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருக்கும்! ஒரு துறைக்கு உமியாகத் தோன்றுவது மற்றொரு துறைக்கு அரிசியாகலாம்.

1972-இல் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் மற்றோர் உண்மையைக் கணக்கில் வடித்துக் காட்டினார். பல ஆவணங்களில் வரும் சொல் தேடலுக்கு மெலிந்த துணை. சிலவற்றில் மட்டும் வரும் சொல் வலிய துணை என்பது அது. வரலாற்றுப் பாடநூலில் ‘அரசு’ என்று தேடினால் பக்கந்தோறும் விடை வரும். ஆதலின் ஒன்றும் கிடைக்காது. ‘கஞ்சித்தொட்டி’ என்று தேடினால் ஒரு பக்கம் வரலாம். அதுவே நீங்கள் நாடிய பக்கமாக இருக்கலாம். இன்றைய தேடுபொறிகள் பலவற்றின் அடிப்படையில் அவர் கருத்து உள்ளது.

தமிழ் மின்னூல்களுக்கு இவ்வசதி உடனே வாய்த்துவிடவில்லை. முற்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல், கணினிக்கு வேறு வேறாக இருந்தது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டில் தமிழும் இடம்பெற்றது. அது எங்கும் பரவப் பல ஆண்டுகள் ஆயின. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வழங்கியது. 2001-இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் நூல்களையும் பாடங்களையும் இணையத்தில் தருகிறது. பள்ளிப் பாடநூல்களும் இன்று கணினித் திரைக்கு வந்துவிட்டன. சில நூல்களில் பக்கத்தின் படம் மட்டுமே இருக்கும். அதில் நமக்கு எழுத்துத் தெரியும். கணினிக்கு வெறும் கோடுகளே தெரியும். அத்தகைய நூலில் எச்சொல்லைத் தேடினும் ‘இல்லை’ என்றே விடை வரும்.

இனி என் பிழைக்குத் திரும்புகிறேன். வகுப்பு முடிந்ததும் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தேன். ‘பஞ்சம்’ என்று நான் தேடினேன். ஆனால் தமிழில் அச்சொல் தனித்து நிற்பது எத்தனை முறை? பஞ்சத்தால் மடிந்தனர், பஞ்சத்தின் கொடுமை, பஞ்சக் காலம், பஞ்சமும் நோயும் என்றல்லவா எழுதுகிறோம்? எழுத்துக்கு எழுத்துப் பொருத்திப் பார்க்கும் எளிய தேடுகருவிக்கு இவை யாவும் வேறு சொற்கள். மகரமெய் நிற்கும் வடிவையே நான் கேட்டேன். அது கெட்டு அத்துச் சாரியை பெற்ற வடிவங்கள் எல்லாம் வெளியே நின்றன. இலக்கண வகுப்பில் நாம் சலிப்போடு படித்த புணர்ச்சி விதி, கணினியின் முன் எவ்வளவு பெரிய கதவாக நிற்கிறது, பாருங்கள்! சில தேடுபொறிகள் உருபை நீக்கிப் பகுதியைக் காண முயல்கின்றன. எனினும், எல்லாக் கருவியும் அவ்வாறு செய்வதில்லை.

சரி, ஈற்றை விட்டுவிடுவோம் என்று ‘பஞ்ச’ என்பதை மட்டும் இட்டேன். விடைகள் குவிந்தன. பஞ்சத்தால், பஞ்சத்தின் என்பன வந்தன; அவற்றோடு பஞ்சாபும் வந்தது, பஞ்சாயத்தும் வந்தது, பஞ்சு ஆலைகளும் வந்தன! சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடல் கடந்த தொழிலாளர் பாடத்தில் ‘பஞ்சத்தால்’ என்னும் சொல்லை அங்கே கண்டேன். ஆனால் கால்வாய்ப் பக்கம் அப்போதும் வரவில்லை. வறட்சி, பட்டினி, நிவாரணம் எனப் பிற சொற்களை இட்டபோதுதான் ‘பட்டினி’ அப்பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வனுபவத்திலிருந்து நான் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். தேடத் தொடங்குமுன், பொருளுக்குரிய சொற்கள் நான்கு ஐந்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொல்லும் நூலாசிரியர் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் உப்பு என்பீர்கள்; வேதியியல் நூல் சோடியம் குளோரைடு என்னும். ஆதலின், ஓர் இடம் கிடைத்ததும் அப்பக்கத்தை நின்று படித்து, ஆசிரியர் ஆளும் சொற்கள் எவை எனக் கண்டு, அவற்றைக் கொண்டு மீண்டும் தேடுங்கள். சொல்லின் ஈற்றை நீக்கியும் தேடிப் பாருங்கள். எங்கும் வரும் சொல்லை விடுத்து, அருகி வரும் சொல்லைத் தேர்ந்துகொள்ளுங்கள். சொல் நிற்கும் வரியோடு நின்றுவிடாமல், முன் பத்தியையும் பின் பத்தியையும் படியுங்கள். ‘இக்கூற்றுப் பொருந்தாது’ என்னும் மறுப்பு அடுத்த வரியில் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இல்லை’ என்று கருவி கூறினால், ‘நான் கேட்ட வடிவில் இல்லை’ என்பதே அதன் பொருள் எனக் கொள்ளுங்கள். பொருளடக்கத்தைப் பார்த்து, உரிய பாடத்தைப் புரட்டிய பின்னரே நூலைக் குறை கூறுங்கள்.

பழைய பதிப்பாசிரியர் அகராதி அமைத்தபோது, எண்ணும் வேலையை அவர் நமக்காகச் செய்து வைத்தார் என்று முன்னர்ச் சொன்னேன். இன்று கணினி தேடும் வேலையை ஏற்றுக்கொண்டது. எண்ணும் வேலையோ நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. அதனை நாம் செய்யாவிடின் வேறு யாரும் செய்யார்.

மறுநாள் வகுப்பில், நூலாசிரியரைக் கடிந்தது என் தவறு என்று சொல்லி, கால்வாய்ப் பக்கத்தை அம்மாணவியைக் கொண்டே படிக்கச் செய்தேன். பசித்த வயிற்றோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய நீர்வழி அது. என் தேடுசொல் அவர்களைக் காணாமற் போயிற்று. பக்கம் பக்கமாகப் படித்த ஒரு பெண்ணின் கண் கண்டது. அவள் படித்து முடித்தபோது வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.